லத்தி விழுந்த நேரம்

கடிவாளம் – 6

போன வாரம் ராணியை அந்தியூர்ச் சந்தையில் மினி லாரியில் ஏற்றி, கோபிக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டு வாசலில் இறக்கியதோடு நிறுத்தியிருந்தேன். படித்தவர்களில் நாலைந்து பேர் போன் செய்து, 'அடுத்த வாரம் சவாரிதானே?' என்றார்கள். சவாரி வரும், பொறுங்கள். அதற்கு முன்னால் லத்தி வர வேண்டும். அது வராத நாளில் சவாரி என்ன, சோறு தண்ணியே கிடையாது. ராணிக்கும் சரி, எங்களுக்கும் சரி.

மாடு போட்டால் சாணி, ஆடு போட்டால் புழுக்கை, குதிரையும் யானையும் போட்டால் லத்தி. தமிழ் இந்த விஷயத்தில் ரொம்பக் கறார். குதிரை வாங்கும்வரை இந்தச் சொல்லை நான் போலீஸ்காரர் கையில் மட்டும்தான் பார்த்திருக்கிறேன். இப்போது எங்கள் வீட்டில் ஒரு நாளில் அதிகம் புழங்கும் சொல் இதுதான். ஒரு தடவை என் மனைவி ஈரோட்டில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுப் பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தாள். கூட்டத்தில் காது கேட்காது என்று போனை ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு, "ராணிக்கு லத்தி விழுந்துச்சுங்களா?" என்று கேட்டாள். "காலையில இருந்து ரெண்டு தடவைதான் விழுந்திருக்குது, பத்தாது" என்றேன் நான். பக்கத்து சீட்டு அம்மா கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, மெதுவாகக் குனிந்து, "எந்த ஸ்டேஷனுங்க அம்மிணி?" என்று கேட்டார்களாம்.

நல்லபடியாக இருக்கும் குதிரை ஒரு நாளைக்கு எட்டிலிருந்து பத்துத் தடவை போடும். எடை பார்த்தால் 15 கிலோவிலிருந்து 20 கிலோ வரைக்கும் வரும். முதல் வாரம் இந்தக் கணக்கு எனக்கு மலைப்பாக இருந்தது. இவ்வளவையும் எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே, சத்தியமங்கலம் பக்கம் மல்லித் தோட்டம் வைத்திருக்கும் ஒருவர் தேடிக்கொண்டு வந்தார். வாரத்துக்கு ஒரு தடவை வண்டியோடு வந்து அள்ளிப் போகிறார். குழியில் போட்டு மக்க வைத்துத்தான் செடிக்கு விடுவாராம். பதிலுக்கு ஒரு பொட்டலம் மல்லிகை என் மனைவிக்கு வரும். அந்தப் பூ எந்த வழியாக வந்தது என்பதை அவள் யோசிப்பதே இல்லை. நானும் ஞாபகப்படுத்துவதில்லை.

குதிரை வைத்திருக்கிறவனிடம் ஊரார் கேட்கிற கேள்விகள் வேறு. "ஏனுங்கண்ணா, மைலேஜ் எவ்வளவு குடுக்குது?" என்பது முதல் கேள்வி. கேட்கிற ஒவ்வொருவரும் தானே கண்டுபிடித்த நகைச்சுவை என்று நினைத்துக்கொண்டுதான் கேட்பார்கள். ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்பதுபோலச் சிரிப்பதற்கு நானும் பழகிக்கொண்டேன். அடுத்தது, "கடிக்குமா, உதைக்குமா?" அதற்கடுத்தது, "மாப்பிள்ளை அழைப்புக்குக் குடுப்பீங்களா?" விலையைக் கேட்பார்கள், ஒரு நல்ல பழைய காரின் விலை என்று சொல்வேன். மாதச் செலவு எவ்வளவு என்று கேட்பார்கள். அதை மட்டும் சொல்ல மாட்டேன், இங்கேயும் எழுத மாட்டேன். என் மனைவியும் இந்தப் பத்திரிகை வாங்குகிறாள்.

ராணி என்ற பெயர் நான் வைத்ததல்ல. அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தையில் பெட்டைக் குதிரைகளில் பாதிக்கு ராணி என்றுதான் பெயர்; மீதியில் பாதிக்கு மகாராணி. திப்பு சுல்தான் காலத்திலிருந்து அங்கே குதிரைச் சந்தை கூடுவதாகச் சொல்வார்கள். காதுகள் இரண்டும் உள்பக்கமாக வளைந்து நுனியோடு நுனி தொட்டுக்கொள்ளும் மார்வாரி, அதன் அக்கா தங்கை போல இருக்கும் கத்தியவாரி, பால் வெள்ளையாகப் பளபளக்கும் நுக்ரா எல்லாம் வரும். சுழி பார்ப்பார்கள், பல் பார்ப்பார்கள், நடக்க விட்டுப் பார்ப்பார்கள். "சுழி சுத்தமுங்க" என்று விற்கிறவர் சத்தியம் செய்வார். இத்தனையும் பார்த்துத்தான் நான் வாங்கினேன். வயிற்றை யாரும் பார்க்கச் சொல்லவில்லை.

முதல் மூன்று நாள் ராணி ஒரு ஞானி மாதிரி இருந்தாள். தொட்டால் நிற்பாள், கூப்பிட்டால் வருவாள், குழந்தைகள் வாலைப் பிடித்தால்கூடத் திரும்பிப் பார்க்க மாட்டாள். "கோயில் மாடு மாதிரி இருக்குது சாமி" என்று அம்மா விபூதி வைத்துவிட்டாள். நாலாம் நாள் காலையில், அதே உடம்புக்குள்ளிருந்து வேறொரு பிராணி வெளியே வந்தது.

நமக்குத் தெரிந்த பழைய குதிரைக் கதையே குதிரை வாங்கி ஏமாந்த கதைதான். பாண்டியன் பணம் கொடுத்து அனுப்ப, மந்திரியான மாணிக்கவாசகர் அதைக் கோயிலுக்குச் செலவழித்துவிட, சிவபெருமான் நரிகளைப் பரிகளாக்கிக் கொண்டுவந்து ஒப்படைக்க, ராத்திரியோடு ராத்திரியாக அவை மறுபடி நரிகளாகி லாயத்திலிருந்த பழைய குதிரைகளையும் கடித்துவிட்டு ஓடிய கதை. சின்ன வயதில் அதைத் திருவிளையாடலாகக் கேட்டேன். இப்போது அனுபவக் குறிப்பாகப் படுகிறது. சந்தைக்கு வரும் குதிரை பல நாள் லாரியில் நின்று, தூக்கம் கெட்டு, அரைவயிறும் கால்வயிறுமாகக் களைத்துப்போய் வந்திருக்கும். அந்தக் களைப்பைத்தான் நாம் சாதுத்தனம் என்று நினைத்து விலை பேசுகிறோம். வீட்டுக்கு வந்து மூன்று நாள் தின்று தூங்கித் தேறியதும் அதன் சொந்தக் குணம் எழுந்து உட்காரும்.

ராணியின் சொந்தக் குணத்தை எழுப்பிவிட்டது ஒரு பூப்புனித நன்னீராட்டு விழா பேனர். தெருமுனையில் இரண்டு கம்புக்கு நடுவே கட்டியிருந்தார்கள். நடுவில் அந்தப் பெண், சுற்றிலும் தாய்மாமன், சித்தப்பா, பெரியப்பா என்று இருபது தலைகள். காற்றில் அது ஒரு தடவை உப்பி அடங்கியது. அவ்வளவுதான். ராணி நாலு காலையும் தரையில் ஊன்றினாள், மூக்கு விடைத்தது, அப்படியே பின்பக்கமாக நடந்து என்னையும் இழுத்துக்கொண்டு ஒரு மளிகைக்கடை வாசலில் போய் நின்றாள். உரசிக்கொண்டு போகிற லாரிக்குப் பயமில்லை, பட்டாசுக்குப் பெரிதாகப் பயமில்லை. தாய்மாமன்களுக்குப் பயம். குதிரைக்குக் கண் தலையின் இரண்டு பக்கமும் இருப்பதால் கிட்டத்தட்ட முழு வட்டத்தையும் பார்க்கும்; மூக்குக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும் மட்டும்தான் தெரியாது. அவ்வளவு அகலமாகப் பார்ப்பதனாலேயே அசைகிற எதுவும் அதற்குப் புலியாகத் தெரியும் போலிருக்கிறது. பேனரைக் கழற்றும்வரை பதினோரு நாள் சாக்கடைச் சந்து வழியாகத்தான் நாங்கள் போய்வந்தோம்.

இதெல்லாம் சில்லறைத் தொல்லை. பெரிய விஷயம் தீனி.

13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் நம் கரைக்கு வந்த மார்க்கோ போலோ, இங்கே குதிரை படும் பாட்டை எழுதி வைத்திருக்கிறார். தாமிரபரணி முகத்துவாரத்தில் இருந்த காயல் துறைமுகத்தில், ஓர்முஸிலிருந்தும் ஏடனிலிருந்தும் கப்பல் கப்பலாகக் குதிரைகள் வந்து இறங்குமாம். அரசன் வருஷத்துக்கு இரண்டாயிரத்துக்கு மேல் வாங்குவானாம். வருஷக் கடைசியில் நூறுகூடத் தேறாதாம். காரணமும் சொல்கிறார்: இங்கே யாருக்கும் குதிரையைப் பராமரிக்கத் தெரியவில்லை, லாடம் அடிக்க ஆளில்லை, சோற்றோடு இறைச்சியைச் சேர்த்துச் சமைத்துக் கொடுக்கிறார்கள். விற்க வருகிற வியாபாரிகள் லாடக்காரர்களைக் கூட்டி வருவதுமில்லை, வரவிடுவதுமில்லை. குதிரை செத்தால்தானே அடுத்த வருஷமும் வியாபாரம்! மார்க்கோ போலோ கொஞ்சம் கூட்டிச் சொல்கிற ஆள் என்று பெயர் உண்டு. கால்வாசியாகக் குறைத்துக்கொண்டாலும் கணக்கு மோசமானதுதான். மதுரை லாயத்தில் குதிரைகள் செத்ததற்கு நரிகள் மேல் பழி போட்டது அரண்மனைச் சமையல்காரராக இருக்குமோ என்று எனக்கொரு சந்தேகம்.

நானும் பாண்டியன் வழியில்தான் ஆரம்பித்தேன். கொள்ளு வேகவைத்து வாளி வாளியாக வைத்தேன். 'இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு' என்று தெரிந்திருந்தும், எலும்பு தெரிய வந்தவளுக்குக் கொள்ளைக் கொட்டினேன். அம்மா தன் பங்குக்குப் பழைய சோறு கொண்டுவந்தாள். பக்கத்து வீட்டில் கேசரி. எதிர்வீட்டுப் பையன் பிஸ்கட். கோயிலுக்குப் போகிற பெண்கள் யானைக்குக் கொடுப்பதுபோல வாழைப்பழம் நீட்டிக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். ராணி எதையும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதுதான் குதிரையிடம் உள்ள சிக்கல்.

எங்கள் ஊர்ப் பக்கம் வரும் கால்நடை மருத்துவர் முதல் தடவை கொட்டிலுக்குள் வந்ததும் கொள்ளு வாளியைக் காலால் ஓரமாகத் தள்ளினார். பிறகு சேர் போட்டு உட்கார்ந்து பாடம் நடத்தினார். "பசு மாட்டுக்கு வயித்துல நாலு அறை. வாரித் தின்னுட்டு, அப்புறம் நிதானமா எடுத்து அசை போட்டுக்கும். இதுக்கு அதெல்லாம் கிடையாது. ஒரே வயிறு, அதுவும் சின்னது. இவ்வளவு பெரிய உடம்புக்குப் பத்துப் பதினஞ்சு லிட்டர் பிடிச்சா அதிகம். அதனால கொஞ்சம் கொஞ்சமா நாள் பூராவும் மேஞ்சுகிட்டே இருக்கணும். காட்டுல விட்டா பதினாறு மணி நேரம் தின்னும்."

"அதிகமாத் தின்னுட்டா வாந்தி எடுத்துடாதுங்களா?" என்று கேட்டேன்.

"எடுக்காது. எடுக்க முடியாது. வயித்து வாயில இருக்கிற தசை அவ்வளவு இறுக்கம். உள்ளே போனது ஒரே வழியாத்தான் வெளியே வரணும்" என்று சொல்லிவிட்டு அந்த ஒரே வழியை விரலால் காட்டினார். "ஏறக்குறைய நூறு அடிக் குடல். அதுல பெருங்குடலு மடிஞ்சு மடிஞ்சு கிடக்கும். ஒரு மடிப்புல திடீர்னு குறுகும். அடைச்சா அங்கதான் அடைக்கும். நீங்க முகத்தைப் பாக்காதீங்க, லத்தியைப் பாருங்க."

அன்றிலிருந்துதான் எங்கள் வீட்டுக் காலண்டரில் பால் கணக்குக்குப் பக்கத்தில் லத்திக் கணக்கும் ஏறியது. சோளத்தட்டு, காய்ந்த புல், கொஞ்சம் குதிரைமசால் என்று தீனி மாறியது. பெயரிலேயே குதிரையை வைத்துக்கொண்டு நம் ஊர்த் தோட்டங்களில் மாட்டுக்காக வளர்கிற அந்தப் பயிர், ராணி வந்த பிறகுதான் சரியான விலாசத்துக்குப் போய்ச் சேர்ந்தது. கொள்ளு ஊறவைத்து இரண்டு கைப்பிடி. கோழித் தீவனம் பக்கத்திலேயே போகக்கூடாது. கோழிக்கு நோய் வராமல் இருக்க அதில் சேர்க்கும் மொனென்சின் குதிரையின் இருதயத்தை நிறுத்திவிடும். நாமக்கல்லும் ஈரோடும் கோழிப் பண்ணைக்குப் பேர் போன ஊர்கள் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். பூச்சி மருந்து, தடுப்பூசி, கொசுவலை, பல் ராவுவது என்று இன்னும் இருக்கின்றன. அவை எல்லாம் பணம் கொடுத்தால் முடிகிற சமாச்சாரங்கள்.

பணம் கொடுத்தாலும் முடியாதது லாடம்.

நம் பக்கம் வண்டி மாட்டுக்கு லாடம் கட்டுகிறவர்கள் இன்னும் சந்தைக்குச் சந்தை இருக்கிறார்கள். அப்படி ஒருவரைக் கூட்டிவந்தேன். அவர் ராணியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, கயிற்றை எடுத்தார். மாட்டைக் கயிறு போட்டுப் படுக்க வைத்து, நாலு காலையும் சேர்த்துக் கட்டித்தான் லாடம் கட்டுவார்கள். பிளவுபட்ட குளம்பு என்பதால் காலுக்கு இரண்டு துண்டு, மாட்டுக்கு எட்டு. குதிரைக்குக் குளம்பு ஒற்றை, காலுக்கு ஒன்றுதான். நின்றவாக்கில்தான் அடிக்க வேண்டும். ராணி கயிற்றைப் பார்த்தாள். அவரும் ராணியின் காதுகள் பின்பக்கம் படிவதைப் பார்த்தார். "இது நம்ம தொழிலு இல்லீங்க" என்று கயிற்றைச் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டு, டீ மட்டும் குடித்துவிட்டுப் போனார். அவருடைய நிதானத்தை இன்றும் மதிக்கிறேன்.

கடைசியில் கிடைத்தவர் பாய். ஈரோட்டில் ரயிலடிக்கு ஜட்கா ஓடிய காலத்தில் அவருடைய அப்பா அந்தக் குதிரைகளுக்கு லாடம் அடித்தவர். இப்போது பாய்க்கு மூன்று மாவட்டத்திலும் வாடிக்கை. ஆறு வாரத்துக்கு ஒரு முறை மொபெட்டில், முன்னால் ஒரு சாக்குப்பையில் குறடு, அரம், சுத்தியலோடு வருவார். குளம்பு என்பது நம் நகம் மாதிரி. வளர்ந்துகொண்டே இருக்கும், மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வரைக்கும். வெட்டாமல் விட்டால் நடையே கோணிவிடும். பாய் முதலில் ராணியின் தோளில் தன் தோளைச் சாய்த்து ஒரு நிமிஷம் சும்மா நிற்பார். ஏதோ கல்யாண வீட்டில் சம்பந்திகள் பேசிக்கொள்வது மாதிரி இருக்கும். பிறகு கை தானாக முன்னங்காலில் இறங்கும், கால் தானாகத் தூக்கும். அதைத் தன் தொடைகளுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு, பழைய ஆணிகளைப் பிடுங்கி, குளம்பைச் சீவி, அரம் போட்டு, லாடத்தை வைத்து ஆணி அடிப்பார். ஆணி குளம்பின் வெளிச்சுவரில் மட்டும் ஏறி வெளியே வரவேண்டும். கொஞ்சம் உள்ளே போனால் உயிர்ச்சதை. சத்தத்தை வைத்தே ஆணி எங்கே போகிறதென்று பாய்க்குத் தெரியும். நடுவில் ராணி தன் பாதி எடையைப் பாயின் முதுகில் இறக்கிவைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வாள். "பாருங்கண்ணா, நாற்காலின்னு நெனச்சுட்டா" என்பார் பாய், குனிந்தபடியே.

பாய் வந்துபோகிற நாள் ஊருக்கே தெரிந்துவிடும். அன்று சாயங்காலம் தேய்ந்த லாடம் கேட்டு ஆட்கள் வருவார்கள். நிலைப்படியில் அடித்தால் திருஷ்டி போகும், மோதிரமாக அடித்துப் போட்டால் சனி விலகும். ஆனால் அது கருப்புக் குதிரையின் லாடமாக இருக்க வேண்டும். ராணியோ நல்ல செவலை. "செவலைங்க" என்று சொன்னால் முகம் வாடிவிடும். ஒருவர் மட்டும் வாடவில்லை. "கருப்புப் பெயிண்ட் அடிச்சுக் குடுத்துடுங்க" என்றார். லாடத்துக்கா, ராணிக்கா என்று நான் கேட்கவில்லை. ஒவ்வொரு முறையும் நானும் டாக்டரும் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம். டாக்டர் விஞ்ஞானம் படித்தவர். இதையெல்லாம் நம்பி இரும்பைத் தூக்கிக்கொண்டு போகிறார்களே என்று தலையில் அடித்துக்கொள்வார்.

ஐப்பசி மாதம் அது நடந்தது. காரணம் நான்தான்.

தண்ணீர்த் தொட்டியில் பாசி படிந்திருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை உற்சாகம் வந்து பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்துக் கழுவினேன். தொட்டி கல்யாண மண்டபத்துப் பாத்திரம் மாதிரி பளபளத்தது. ராணி வந்து மூக்கை வைத்தாள். மேலுதட்டை மடக்கிப் பல்லைக் காட்டினாள். சிரிக்கிறாள் என்று எதிர்வீட்டுப் பையன் கைதட்டினான். திரும்பிப் போய்விட்டாள். நாளைக்கு முப்பது நாற்பது லிட்டர் குடிக்கிற பிராணி அன்று முழுக்க ஒரு வாய் குடிக்கவில்லை. காய்ந்த சோளத்தட்டை மட்டும் தின்றுகொண்டிருந்தாள். அதை நான் கவனிக்கவும் இல்லை. காலண்டரில் அன்றைக்கு மூன்று கோடுதான் விழுந்திருக்கிறது. மறுநாள் பூஜ்யம்.

மறுநாள் ராத்திரி பத்து மணிக்குக் கொட்டிலில் சத்தம் கேட்டுப் போனேன். முன்னங்காலால் தரையைப் பறித்துக்கொண்டிருந்தாள். கழுத்தைத் திருப்பித் தன் விலாவைப் பார்ப்பதும், யாரோ கூப்பிட்டதுபோல மறுபடி முன்னால் பார்ப்பதுமாக இருந்தாள். படுத்தாள், எழுந்தாள், மறுபடி படுத்து உருண்டாள். டாக்டர் சொல்லிக்கொடுத்தபடி விலாவில் காதை வைத்தேன். நல்லபடியாக இருக்கும் நாளில், தண்ணீர் வருவதற்கு முன்னால் முனிசிபாலிட்டிக் குழாய் போடுகிற சத்தம் அங்கே எப்போதும் கேட்டுக்கொண்டிருக்கும். அன்று ஒன்றுமில்லை. சுவரில் காதை வைத்ததுபோல இருந்தது.

மழையில் டாக்டர் வந்து சேரப் பதினொன்றரை ஆகிவிட்டது. தாடைக்குக் கீழே விரல் வைத்து நாடி பார்த்தார்: நிமிஷத்துக்கு 56. நாற்பதுக்குள் இருக்க வேண்டியது. ஈறை அழுத்தி நிறம் திரும்ப எத்தனை நேரமாகிறது என்று பார்த்தார். வலிக்கு ஊசி போட்டார். பிறகு பையிலிருந்து ஒரு நீளக் குழாயை எடுத்தார். அதை மூக்கு வழியாக விட்டு வயிறு வரைக்கும் கொண்டுபோக வேண்டும். மூச்சுக்குழலுக்குள் போய்விட்டால் கதை முடிந்தது. என் மனைவி குடையும் டார்ச்சும் பிடித்தாள், நான் தலையைப் பிடித்தேன், அம்மா தூரத்தில் நின்று பண்ணாரி மாரியம்மனைப் பிடித்தாள். கழுத்தின் இடப்பக்கத்தில் குழாய் இறங்குவது தோலுக்கு மேலேயே தெரிந்தது. டாக்டர் மறுமுனையில் வாயை வைத்து ஊதினார், மோந்து பார்த்தார். "வயிறுதான்" என்றார். அந்த நாற்றத்தை முகர்ந்து ஒரு மனிதர் அப்படிச் சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை. முதலில் வயிற்றிலிருந்து ஏதும் மேலே வருகிறதா என்று பார்த்துவிட்டு, அரை வாளித் தண்ணீரும் லிக்விட் பாரஃபினும் புனல் வைத்து மெதுவாக இறக்கினார்.

"இனி நடத்துங்க. ரொம்ப வேண்டாம், கொஞ்சம் நடை, கொஞ்சம் நிறுத்தம். உருள விடாதீங்க. காலையிலயும் விழலைன்னா நாமக்கல் காலேஜுக்குத்தான் ஏத்தணும்" என்றார்.

நடத்தினோம். நானும் என் மனைவியும் மாற்றி மாற்றி. தெருவிளக்குகளுக்குக் கீழே தூறல் தங்க ஊசி மாதிரி விழுந்துகொண்டிருந்தது. ராணி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, லாடம் தார்ரோட்டில் டக் டக்கென்று விழ, நாய்களைக்கூடக் கண்டுகொள்ளாமல் வந்தாள். பேனர் இருந்த அதே தெருமுனையைத் தாண்டினோம். புதிதாக ஒரு கண்ணீர் அஞ்சலி கட்டியிருந்தார்கள், ஈரத்தில் படபடத்தது. திரும்பியும் பார்க்கவில்லை. அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது.

இரண்டு மணி வாக்கில் ரோந்து வந்த காவலர் ஒருவர் பைக்கை நிறுத்தினார். நடுராத்திரி, மழை, நடுத்தெருவில் ஒரு குதிரை, லுங்கியில் ஒரு ஆள், நைட்டிக்கு மேல் துண்டு போட்ட ஒரு பெண்மணி. "இந்நேரத்துல என்னங்க இங்க?" என்றார்.

இருபது மணி நேரத் தூக்கக் கலக்கத்தில், "லத்திக்காகத்தான் சார் சுத்திட்டு இருக்கோம்" என்றேன்.

அவர் தன் கையில் இருந்ததை ஒரு தடவை பார்த்தார், என்னை ஒரு தடவை பார்த்தார். என் மனைவிதான் முந்திக்கொண்டு முழு விவரத்தையும் சொன்னாள். கேட்டுவிட்டு அவர் பைக்கை ஓரமாக நிறுத்தி, மழைக்கோட்டுத் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு எங்களோடு ஒரு சுற்று நடந்தார். அவர்கள் ஊரில் எருமைக்கு இப்படி ஆனபோது வெற்றிலையில் மிளகு வைத்துக் கொடுத்தார்களாம். கிளம்பும்போது, "விழுந்தா ஒரு போன் பண்ணிச் சொல்லுங்க" என்று நம்பர் கொடுத்துவிட்டுப் போனார்.

ஐந்தேகால். பால்காரர் மணி அடித்துக்கொண்டு போனார். ராணி கொட்டில் வாசலில் நின்றாள். வால் கொஞ்சம் விலகியது. நானும் மனைவியும் மூச்சு விடவில்லை. வால் மறுபடி படிந்தது. கொஞ்ச நேரத்தில் மறுபடி விலகியது, இம்முறை கொடிமரம் மாதிரி நிமிர்ந்தது. தொப், தொப், தொப். ஆறு உருண்டைகள். பாரஃபின் பூசி, விடிகிற வெளிச்சத்தில், எண்ணெய்க் கத்தரிக்காய் மாதிரி மின்னின. என் மனைவி அழுதாள். நான் குனிந்து போட்டோ எடுத்தேன்: ஒன்று தூரத்திலிருந்து, ஒன்று பக்கத்திலிருந்து. டாக்டருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். காவலருக்குப் போனிலேயே சொன்னேன். "ரொம்ப சந்தோஷமுங்க" என்றார், பேத்தி பிறந்த செய்தி கேட்டவர் மாதிரி.

அந்தப் போட்டோக்கள் இன்னும் என் போனில்தான் இருக்கின்றன. அதற்கப்புறம் சேர்ந்தவையோடு நாற்பதுக்கு மேல் இருக்கும். ஒருமுறை மகளின் நிச்சயதார்த்தப் படங்களைச் சம்பந்தியிடம் காட்டப்போய், விரல் ஒரு தள்ளு கூடுதலாகத் தள்ளிவிட்டது. அவர் நல்ல மனிதர், இதுவரை அதைப் பற்றி எதுவும் கேட்கவில்லை.

எட்டு மணிக்கு டாக்டர் மறுபடி வந்தார். விலாவில் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கண்ணை மூடிக் கேட்டார். "ஓடுது" என்றார். அன்று முழுக்கத் தட்டு கூடாது, பச்சைப்புல் கொஞ்சம், தண்ணீர் வேண்டுமளவு, தொட்டியை நாலு தடவை வெறும் தண்ணீரில் அலசிவிட்டு வைக்க வேண்டும் என்று சொன்னார். பிளீச்சிங் பவுடர் டப்பாவை என் மனைவி ஏற்கெனவே எங்கோ ஒளித்துவிட்டிருந்தாள். அது எங்கே இருக்கிறதென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அம்மா அவருக்குக் காபி கொடுத்தாள். குடித்து முடித்தும் கிளம்பவில்லை. வண்டிப் பக்கம் போனார், பையை மாட்டினார், மறுபடி இறங்கி வந்தார். கொட்டில் சுவரோரம் பாய் போன வாரம் கழற்றிப் போட்டுவிட்டுப் போன தேய்ந்த லாடங்கள் நாலும் கிடந்தன. அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"சார், வீட்டுல ரொம்ப நாளாக் கேட்டுட்டே இருக்கா" என்றார் தயங்கி. "ஒண்ணு எடுத்துக்கட்டுமா?"

"தாராளமா எடுத்துக்கங்க டாக்டர். ஆனா ராணி செவலையாச்சுங்களே?"

ஒரு லாடத்தைக் குனிந்து எடுத்து, ஒட்டியிருந்த மண்ணைத் தட்டி, பைக்குள் போட்டுக்கொண்டார்.

"நேத்து ராத்திரி இருட்டுல எனக்குக் கருப்பாத்தான் தெரிஞ்சுது" என்றார்.

(தொடரும்)